முதல் இலைக்காரர்

குன்றடி மடத்தில் சனிக்கிழமை மத்தியானம் தியானம் கிடையாது, சீட்டு உண்டு. கப்பல் வேலையை விட்டுத் துறவுக்கு வந்த பொன்னிலிங்கத்தால் காசை விட முடிந்தது, போக்கர் என்ற பந்தயச் சீட்டாட்டத்தை விட முடியவில்லை. அதனால் காசுக்குப் பதில் புளியங்கொட்டை வைத்து ஆடினார்கள். யாருடைய கொட்டை முதலில் தீர்கிறதோ, அவர் அடுத்த வாரம் முழுக்க மடத்துக்குச் சமைக்க வேண்டும். குருவும் ஆடுவார். அவருக்கும் சலுகை இல்லை.

வாரா வாரம் தோற்றவர் திருமலைக்கொழுந்து. ஓய்வு பெற்ற தாசில்தார். குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஞானம் கிடைக்காமல் இந்த வாசல்படியை மிதிக்க மாட்டேன் என்று வீட்டில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு வந்தவர். ஞானம் எப்படியோ, சமையல் அவருக்கு வரவே இல்லை. அவர் வைத்த கூட்டைக் காக்கைகூட யோசித்துத்தான் தொட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் பொன்னிலிங்கமும் மடத்தின் இன்னொரு சீடர் சடகோபனும் குருவிடம் போய் நின்றார்கள்.

"சாமி, நாளைக்கும் கொழுந்தையா தோத்தா, ஒண்ணு அவர் இருக்கட்டும், இல்லை நாங்க இருக்கோம்."

கொழுந்துக்கு அது காதில் விழுந்துவிட்டது. ஞானம் வரவில்லை என்று திரும்பிப் போனாலாவது கௌரவம். கூட்டு சரியில்லை என்று துரத்திவிட்டார்கள் என்று மருமகளிடம் எப்படிச் சொல்வது? நேரே குருவிடம் போனார்.

"சாமி, நான் ஏன் தோத்துக்கிட்டே இருக்கேன்?"

"பசிக்குது. இலையைப் போடுங்க" என்றார் குரு.

மூன்று இலை போட்டார் கொழுந்து. முதல் இலை எப்போதும் குருவுக்கு. அன்று குரு எழுந்துபோய்க் கடைசி இலையில் உட்கார்ந்துகொண்டார். பொன்னிலிங்கம் முதல் இலைக்கு வந்தார். நல்ல பசி அவருக்கு.

"தாராளமா போடுங்க."

கொழுந்து மூன்று கரண்டி கூட்டு போட்டார். பொன்னிலிங்கம் ஒரு வாய் வைத்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அதைப் பார்த்த சடகோபன், "எனக்கு அரைக் கரண்டி" என்றார். நாக்கில் வைத்துவிட்டுத் தண்ணீர்ச் செம்பைத் தேடினார்.

குரு இரண்டு கையாலும் இலையை மூடிக்கொண்டார்.

"மோர் போதும்."

"ருசி பார்க்காமலே வேண்டாம்னா எப்படி, சாமி?"

"அதான் ரெண்டு பேர் பார்த்துட்டாங்களே."

கொழுந்து கரண்டியோடு நின்றார். சீட்டாட்டத்திலும் இப்படித்தான்; சீட்டைப் பங்கிட்டுப் போடுகிறவர் கடைசியில் பேச வேண்டும், அவருக்கு அடுத்தவர் முதலில் பேச வேண்டும். பேசுவதென்றால் கொட்டையை நடுவில் வைப்பது, இல்லை சீட்டைக் கவிழ்த்து விலகுவது. போடும் முறை சுற்றி வரும். முதலில் பேசும் முறை வந்தால் கொழுந்துக்குத் தலைகால் புரியாது. கையில் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் கொட்டையை அள்ளி வைப்பார்.

"முதல்ல பேசுறவனுக்கு ஒரு மரியாதை இருக்குல்ல, சாமி?"

"உங்க ஆபீஸ்ல ஃபைல் யார்கிட்ட இருந்து கிளம்பும்?"

"கிளார்க்கிட்ட இருந்து."

"கடைசியில?"

"நான் கையெழுத்து போடுவேன்."

"முதல்லயே உங்ககிட்ட வந்திருந்தா?"

கொழுந்து யோசித்தார். "வேலை போயிருக்கும்."

குரு மோரைக் குடித்துவிட்டு எழுந்தார்.

"சரி சாமி, முதல் இலை எனக்கே வந்துட்டா என்ன செய்ய?"

குரு கை கழுவப் போய்விட்டார்.

சனிக்கிழமை உட்கார்ந்தார்கள். முதலில் பேசும் முறை வந்தபோதெல்லாம் கொழுந்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பயந்துபோய்ச் சீட்டைக் கவிழ்த்து வைத்தார். அவமானமாக இருந்தது. ஆனால் கொட்டை குறையவில்லை.

அவர் சீட்டைப் போடும் முறை வந்தது. குரு கவிழ்த்தார். பொன்னிலிங்கம் கவிழ்த்தார். சடகோபன் நாலு கொட்டையை வைத்துவிட்டுப் பிடரியைச் சொறிந்தார். கொழுந்து தன் சீட்டைப் பார்க்கவில்லை, அந்தப் பிடரியைத்தான் பார்த்தார். கொட்டையை அள்ளி நடுவில் வைத்தார். சடகோபன் பெருமூச்சு விட்டுக் கவிழ்த்தார்; நடுவில் இருந்ததெல்லாம் கொழுந்துக்கு வந்தது.

கொழுந்தின் கையில் ஒரு ஜோடிகூட இல்லை. வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக அவர் எதுவும் இல்லாமல் இருந்ததே கிடையாது.

வெயில் தாழும்போது குருவிடம் கொஞ்சம் கொட்டைதான் மிச்சம். கொழுந்து சீட்டைப் போட்டார். முதலில் பேச வேண்டியவர் குரு. இருந்ததை எல்லாம் நடுவில் தள்ளினார். மற்ற இருவரும் பயந்து கவிழ்த்துவிட்டார்கள். கொழுந்து நிதானமாகக் குருவின் முகத்தைப் பார்த்தார். குருவின் பார்வை சமையற்கட்டுப் பக்கம் போய்விட்டு வந்தது.

"நான் இருக்கேன்" என்று ஒரு ஜோடி ராணியைக் காட்டினார் கொழுந்து.

குரு விரித்தார். ஒன்றோடொன்று ஒட்டாத ஐந்து சீட்டு.

"கையில ஒண்ணுமில்லாம, முதல் ஆளா உட்கார்ந்துகிட்டு, எல்லாத்தையுமா வைப்பாங்க சாமி?"

"முதல்ல பேசுறவனுக்கு ஒரு மரியாதை இருக்குல்ல, கொழுந்தையா?"

ஞாயிற்றுக்கிழமை குரு சமைத்தார். இதற்கு முன் அவர் அடுப்பு பற்றவைத்து யாரும் பார்த்ததில்லை. குழம்பிலிருந்து ஒரு வாசனை வந்தது. அது நல்ல வாசனையா கெட்ட வாசனையா என்று மூன்று பேராலும் முடிவு செய்ய முடியவில்லை.

இலை போட்டதுமே பொன்னிலிங்கமும் சடகோபனும் கடைசி இலைக்குப் பாய்ந்தார்கள். முழங்கை முழங்கையில் இடித்தது. சடகோபன் ஜெயித்தார். பொன்னிலிங்கம் நடு இலையைப் பிடித்துக்கொண்டார். வயதான காலால் ஓட முடியாத கொழுந்துக்கு முதல் இலை மிஞ்சியது.

குரு குழம்பு வாளியோடு வந்து எதிரே நின்றார். கரண்டியை முழுசாக முகந்தார்.

"முதல் இலை. தாராளமா போடட்டுமா?"

கொழுந்து மற்ற இலைகளின் பக்கம் திரும்பினார். இரண்டு பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பார்ப்பதற்கு யார் முகமும் இல்லை.

"கொஞ்சமா போடுங்க, சாமி."

குரு கரண்டியைச் சாய்த்து வாளியிலேயே பாதிக்கு மேல் ஊற்றிவிட்டு, மிச்சத்தை அவர் சாதத்தின் ஓரத்தில் விட்டார்.

"உங்களுக்கு ஆட்டம் வந்திருச்சு, கொழுந்தையா" என்றார்.