துப்பாக்கி வெடித்த பிறகு

குருவுக்கு வயது முப்பத்து மூன்று. சீடருக்கு ஐம்பத்தொன்று.

குரு சுகந்தி, கோயம்புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். ஒரு காலத்தில் மாநில அளவில் ஓடியவர். இப்போதும் ஊரில் எங்கே ஓட்டப் பந்தயம் நடந்தாலும் பெண்கள் பிரிவில் பரிசு வாங்காமல் வீடு திரும்ப மாட்டார். சீடர் திருமூர்த்தி, பம்ப் செட் கம்பெனி ஒன்றில் பர்ச்சேஸ் மேனேஜர். சர்க்கரை வந்துவிடும் என்று டாக்டர் மிரட்டியதால் ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் காலை நடைக்குப் போனார். நடக்கிற தன்னை ஓடுகிறவர்கள் தாண்டிப் போவதைப் பொறுக்க முடியாமல் ஓட ஆரம்பித்தார். அங்கே காலையில் ஒரு கூட்டத்துக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த சுகந்தியிடம் வந்து சேர்ந்தது அப்படித்தான்.

மனுஷன் சுபாவமே அது. சிக்னலில் பச்சை விழுவதற்கு முன்பே ஹாரன் அடிப்பார். லிஃப்ட் பட்டனை ஒருவர் அழுத்திவிட்டு நின்றாலும், தானும் போய் ஒரு தடவை அழுத்திவிட்டுத்தான் நிற்பார்.

மூன்று வருடத்தில் மூன்று அரை மாரத்தான் ஓடியிருந்தார். மூன்றிலும் ஒரே கதைதான். துப்பாக்கி வெடித்ததும் பின்னால் நாய் துரத்துகிற மாதிரி கிளம்புவார். போகும்போது அவிநாசி ரோடு மேம்பாலம் ஏறியதே தெரியாது. திரும்பி வரும்போது அதே மேம்பாலம் மலையாகி நிற்கும். மூச்சு முட்டி, தொடை கனத்து, நடந்துவிடுவார். ஒரு தடவை நடந்தால் போதும், அப்புறம் கடைசி வரைக்கும் நடைதான்.

மனைவியின் தம்பி நந்தகோபாலும் ஓடுகிறவன். ஒரு கல்யாணப் பந்தியில், மாமா அரை மாரத்தானில் அரை ஓட்டம், அரை வாக்கிங் என்று சத்தமாகச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தான். திருமூர்த்தியும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான் வலித்தது. ஆடிட்டர் படிப்பைப் பாதியில் விட்டதும், சொந்தமாகப் போட்ட ஒர்க்‌ஷாப்பை இரண்டே வருடத்தில் மூடியதும் ஞாபகத்துக்கு வந்தன. ஆர்ப்பாட்டமாக ஆரம்பித்துப் பாதியில் படுத்துவிடுகிற ஆள் நான் என்று அவருக்கே தோன்றிவிட்டது. இந்தத் தடவையும் நடந்தால் ஷூவை யாருக்காவது கொடுத்துவிடுவேன் என்று மனைவியிடம் சொன்னார். அவரும் சரிங்க என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டார்.

"நான் ஏனுங்க கோச் ஒவ்வொரு தடவையும் நடந்துடறேன்?"

இந்தக் கேள்வியைப் பல நாள் காலையில் கேட்டாயிற்று. ஷூ சரியில்லையா, சாப்பாடு பத்தவில்லையா, பேரீச்சம்பழம் எத்தனை எடுத்துக்கொள்ளலாம் என்று பதிலையும் அவரே அடுக்குவார். சுகந்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க சார் என்பார்.

பந்தய நாள் வந்தது. விடிவதற்குள் மைதானம் நிரம்பிவிட்டது. மேடையில் ஒரு பெண் ஆடிக்காட்ட, கீழே ஆயிரம் பேர் கையைத் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். நந்தகோபால் வந்து, பார்த்துப் போங்க மாமா என்று தோளைத் தட்டிவிட்டு முன் வரிசைக்கு நுழைந்து போனான். அந்தத் தட்டு தோளிலேயே உட்கார்ந்திருந்தது.

கிளம்பும் கோட்டில் குறுக்கே ஒரு கறுப்பு ரப்பர் பாய் விரித்திருந்தார்கள். நெஞ்சில் குத்தியிருக்கும் எண் அட்டைக்குப் பின்னால் ஒரு சிப் உண்டு. பாயை மிதிக்கும்போது அது ஒரு சத்தம் போடும். அந்த நொடியிலிருந்துதான் அவரவர் நேரம் ஓட ஆரம்பிக்கும். முன்னால் நிற்பவனுக்கும் பின்னால் நிற்பவனுக்கும் பாகுபாடு வரக்கூடாது என்று செய்த ஏற்பாடு. திருமூர்த்திக்கு இது நன்றாகவே தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு வருடமும் முண்டியடித்துப் போய் பாய்க்குப் பக்கத்தில் நிற்பார்.

இந்த வருடமும் அப்படி ஓர் இடத்தைப் பிடித்து நின்றபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுகந்தி வந்தார். முதல் வரிசையில் நிற்க வேண்டிய ஆள். இன்னைக்கு உங்க பக்கத்துல நிக்கறேன் சார் என்றார். திருமூர்த்திக்குப் பெருமை பிடிபடவில்லை. தன்னோடு சேர்ந்து ஓடப் போகிறார் என்று நினைத்துக்கொண்டார்.

துப்பாக்கி வெடித்தது. அவர் கால் எழுந்தது. சுகந்தி அவருடைய பனியன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கோச், விடுங்க."

"இருங்க சார்."

"எல்லாரும் போறாங்க."

"போகட்டுங்க."

பின்னாலிருந்து வந்தவர்கள் இரண்டு பேரையும் இடித்துக்கொண்டு போனார்கள். ஒருத்தர் முழங்கை இவர் விலாவில் பட்டது. இன்னொருத்தர், நிக்கறதுக்கு வேற இடம் கிடைக்கலையா என்று திட்டினார். சுகந்தி திருமூர்த்தியைக் கொஞ்சம் ஓரமாக இழுத்துப் பாயை மிதிக்காமல் ஒரு சாண் தள்ளி நிறுத்தினார். கையை மட்டும் விடவில்லை.

"நேரம் போகுதுங்க கோச்."

"யாருதுங்க? உங்களுது இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே."

திருமூர்த்தி பாயைப் பார்த்தார். உண்மைதான். ஆனால் அது தலைக்குத் தெரிந்த உண்மை. காலுக்கு யார் போய்ச் சொல்வது? கெண்டைச் சதை துள்ளியது. நந்தகோபால் இந்நேரம் எங்கே போயிருப்பான் என்று மனம் அவனுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

வேகமாக ஓடுகிறவர்கள் போனார்கள். மெதுவாக ஓடுகிறவர்கள் போனார்கள். படம் எடுத்துக்கொண்டே நடப்பவர்கள் போனார்கள். வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல் தாமதமாக வந்த ஒரு குடும்பம், ஊக்கை வாயில் கவ்வியபடி அட்டையைக் குத்திக்கொண்டே ஓடியது. அதற்குப் பிறகு யாரும் இல்லை. மைதானத்தில் நசுங்கிய பாட்டில்களும் வாழைப்பழத் தோலும் கிடந்தன.

மைக் பிடித்திருந்தவர் இவர்களைக் கவனித்துவிட்டார். "அங்க நிக்கற அண்ணா, பந்தயம் ஆரம்பிச்சு ரொம்ப நேரம் ஆச்சுங்க" என்று நாலு ஒலிபெருக்கியிலும் கேட்கிற மாதிரி சொன்னார். மேடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். திருமூர்த்திக்குக் காது சுட்டது. ஐம்பது வயதுக்கு மேல் ஆன மனிதருக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

"அவமானமா இருக்குங்க கோச்."

"ஆமாங்க சார்" என்றார் சுகந்தி. "இருக்குது."

சுகந்தியின் வலது ஷூ முனை தரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. உடம்பைச் சூடாக்கிக்கொள்கிறார் என்று இவர் நினைத்தார்.

துப்புரவுக்கு வந்த அம்மா ஒருவர் பாட்டில்களைக் கூட்டிக்கொண்டே வந்து, கொஞ்சம் தள்ளி நில்லுங்க சாமி என்றார். இரண்டு பேரும் தள்ளி நின்றார்கள். துடைப்பம் அவர்கள் நின்ற இடத்தைக் கூட்டிவிட்டு நகர்ந்தது. அதுவரை தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்த காலடிச் சத்தமும் அடங்கிவிட்டது.

"முன்னாடி யாராவது தெரியறாங்களா சார்?"

"இல்லைங்க."

"பின்னாடி?"

"கூட்டற அம்மாதான் இருக்காங்க."

"இப்பப் போலாங்க."

பாயை மிதித்தார்கள். இரண்டு சத்தம் கேட்டது. முதல் வளைவு வருவதற்குள் சுகந்தி கண்ணுக்கு மறைந்துவிட்டார். கூட ஓடப் போகிறார் என்ற நினைப்பும் அதோடு போயிற்று.

சாலை வெறிச்சென்று கிடந்தது. டீக்கடையில் நின்றவர்கள், கடைசி ஆளு போறாருப்பா என்று வழிவிட்டார்கள். பின்னால் ஆம்புலன்ஸ் ஒன்று அவர் வேகத்துக்கே ஊர்ந்து வந்தது. டிரைவர் தலையை நீட்டி, ஏறிக்கறீங்களா சார் என்று மரியாதையாகக் கேட்டார். வேண்டாங்க என்று சொல்ல வேண்டியிருந்தது. துரத்துவதற்கு எதிரே ஒரு முதுகு இல்லை. வேகமாக ஓடினாலும் பார்க்க ஆள் இல்லை. மெதுவாகப் போனாலும் கேட்க ஆள் இல்லை. என்ன வேகத்தில் போவது என்றே அவருக்குப் புரியவில்லை. முதல் தடவையாகத் தன் மூச்சு தனக்குக் கேட்டது. அது வேண்டாத விருந்தாளி மாதிரி பக்கத்திலேயே வந்தது.

வெகு நேரம் கழித்துத்தான் முதல் முதுகு கண்ணில் பட்டது. ஊக்கைக் கவ்விக்கொண்டு ஓடிய குடும்பம். அவர்களைத் தாண்டினார். அப்புறம் ஒருவர், இருவர், ஒரு கும்பல். தாண்டத் தாண்டப் பழைய ருசி நாக்கில் ஏறியது. அடுத்தவரைப் பிடி, அடுத்தவரைப் பிடி என்று உள்ளே ஒரு குரல் நச்சரித்தது.

திரும்பும் இடத்துக்கு முன்னால், சாலையின் எதிர்ப் பக்கம் சுகந்தி திரும்பி வந்தார். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. யாரையும் பார்க்கவில்லை. கையை ஆட்டிய இவரையும் பார்க்கவில்லை. முன்னால் போகிறவர்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார். கோச்சுக்கு என்ன இத்தனை வேகம் என்று இவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

கொஞ்சம் தள்ளி நந்தகோபாலும் எதிரே வந்தான்.

"மாமா, இப்பத்தான் வர்றீங்களா?"

அவ்வளவுதான். கால் பறந்தது. அடுத்த மின்கம்பம் வரை வெறி பிடித்தவர் போல ஓடினார். அங்கே நெஞ்சுக்குள் அந்தப் பழைய இரைச்சல் கேட்டது. மூன்று வருடமும் கேட்ட அதே இரைச்சல். பயந்துபோய் வேகத்தைக் குறைத்தார். நந்தகோபால் போகட்டும் என்று விட்டது ஞானத்தால் அல்ல, பயத்தால்தான்.

திரும்பி வரும் வழியில் மேம்பாலம் வந்தது. இதோ இப்போது மூச்சு முட்டும், இதோ கால் கனக்கும் என்று எதிர்பார்த்துக்கொண்டே ஏறினார். பக்கத்தில் ஓடியவர்கள் இடுப்பில் கை வைத்து நடக்க ஆரம்பித்தார்கள். இவருக்கு வலித்தது. ஆனால் கால் நிற்கவில்லை. ஆரம்பத்தில் எரித்துத் தீர்க்காத ஏதோ ஒன்று மிச்சம் இருந்தது. உச்சியைத் தாண்டி இறக்கம் வந்ததும் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. வியர்வை என்று யார் கேட்டாலும் சொல்லிக்கொள்ளலாம் என்று துடைக்காமல் விட்டுவிட்டார்.

ஓடியே முடித்தார்.

நந்தகோபால் கழுத்தில் பதக்கத்தோடு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பாலத்துல நடந்தீங்களா மாமா என்று கேட்டான். இல்லை என்றார். தன் தட்டை அவர் பக்கம் நகர்த்தினான்.

அவருக்கு இட்லி இறங்கவில்லை. கோச்சிடம் சொல்ல வேண்டும். மேடைப் பக்கம் போனார். பெண்கள் பிரிவுக்குப் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது, இரண்டாவது, முதல் என்று பெயர்களைக் கூப்பிட்டார்கள். மூன்றிலும் சுகந்தி பெயர் இல்லை. கீழே கூட்டத்தில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்.

நேரம் பார்க்கும் மேஜையில் இருந்தவரிடம் திருமூர்த்தி விசாரித்தார். பாயிலிருந்து கணக்குப் பார்த்தால் அந்த மேடம்தான் முதல் என்றார் அவர். ஆனால் பரிசுக்கு மட்டும் துப்பாக்கி வெடித்ததிலிருந்துதான் கணக்கு. அந்த மேடம் எங்கே போய் நின்றார்களோ, கடைசியாகக் கிளம்பியிருக்கிறார்கள் என்று உதட்டைப் பிதுக்கினார். விதிமுறையில் அது போட்டே இருந்தது. தனக்கு எந்தக் காலத்திலும் பரிசு கிடைக்கப் போவதில்லை என்பதால் அந்தப் பக்கத்தை மட்டும் திருமூர்த்தி படித்ததில்லை.

சுகந்தி மர நிழலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். இவர் போய் எதிரே நின்றார்.

"நடக்கலைங்க கோச்."

சுகந்தி நிமிர்ந்து பார்த்து முகம் மலர்ந்தார்.

"பரிசுக்குத் துப்பாக்கிக் கணக்குன்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியுங்க சார்."

"தெரிஞ்சுமா எனக்காக நின்னீங்க?"

சுகந்தி ஷூவுக்குள் இருந்த ஒரு பொடிக்கல்லைத் தட்டிவிட்டார்.

"உங்களுக்காகன்னு நான் சொல்லவே இல்லைங்களே சார். பன்னெண்டு வயசுல இருந்து அந்தத் துப்பாக்கிச் சத்தம் கேட்டா ஓடிக்கிட்டே இருக்கேன். ஒரு தடவையாவது நின்னு பார்த்துடணும்னு வருஷா வருஷம் நினைப்பேன். தனியா நிக்கறதுக்குத் தைரியம் வரலைங்க."