ஆலமரம் கை நீட்டிய நாள்

அந்தக் காலத்தில், மாடும் மரமும் கொக்கும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய காலத்தில், வெள்ளச்சி தன் தாயைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஓர் ஆற்றுத் துறையில். மாடுகள் அக்கரை மேய்ச்சலுக்குப் போய்க்கொண்டிருந்தன. வெள்ளச்சிக்கு அப்போது ஐந்தாம் மாதம். முழங்கால் தண்ணீர் வரை கூட நடந்து வந்த தாய் காத்தாயி, அதற்கு மேல் வராமல் நின்றாள்.

"மாசம் ஒம்பது ஆகறதுக்குள்ள வந்து சேந்துடுவேன். பயப்படாத. பிடிச்சுக்க என் கை இருக்கு" என்று இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். பால் கறந்து கறந்து காய்ப்பேறிய கைகள். விரல் மடிப்புகளில் பால் காய்ந்து வெள்ளைக் கோடுகளாகத் தெரிந்தது.

அந்த மக்களின் வழக்கம் அது. பிள்ளை பெறுகிறவள் குத்துக்காலிட்டு உட்காருவாள். எதிரில் அவளைப் பெற்றவள் உட்கார்ந்து கைகளை நீட்டுவாள். வலி வரும்போதெல்லாம் மகள் அந்தக் கைகளைப் பிடித்து இழுப்பாள். தாய் அசைந்துகொடுக்க மாட்டாள்.

எட்டாம் மாதத்தில் ஓர் உண்ணிக்கொக்கு செய்தி கொண்டுவந்தது. எப்போதும் மாட்டின் முதுகில் ஏறிப் பூச்சி பொறுக்குகிற பறவை, அன்றைக்கு எதையும் பொறுக்காமல் நின்றது.

"காய்ச்சல். மூணே நாள்தான். உன் பேரைச் சொல்லிக்கிட்டே போனா" என்றது.

வெள்ளச்சி அழுது ஓய்ந்த பிறகு, கணவன் உடையானிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "மாமா, பட்டி வாசல் கட்டையில ஒரு கயிறு கட்டி வை. கைக்குப் பதிலா அதைப் பிடிச்சுக்கறேன்."

உடையான் புதுக்கயிறு திரித்துக் கட்டி, தானே தொங்கிப் பார்த்து, "யானையைக்கூடத் தாங்கும்" என்றான்.

உடையான் நல்லவன். ஆனால் மாடுகளைத் தவிர வேறொன்றும் அறியாதவன். ஒருநாள் விடிகாலையில் வெள்ளச்சிக்கு இடுப்பு வலி எடுத்தது. அவனுக்குக் கை கால் ஓடவில்லை. மாடு ஈனப்போகிறது என்றால் பட்டியில் ஒரு கயிறுகூட இருக்கக் கூடாது, இருந்தால் கன்றின் கழுத்தில் கொடி சுற்றிக்கொள்ளும் என்பது அவர்கள் நம்பிக்கை. அவன் ஓடி ஓடி நாற்பது மாடுகளின் கயிறுகளையும் அவிழ்த்தான். சுருட்டி ஆற்றில் வீசிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றான்.

"எல்லாத்தையும் அவுத்துட்டேன், புள்ள. இனி சுளுவா ஆயிடும்."

"வாசல் கட்டையில இருந்தது?"

"அதையுந்தான்."

வெள்ளச்சி வாயைத் திறந்தாள். அதற்குள் அடுத்த வலி வந்துவிட்டதால் அவன் தப்பித்தான்.

கொஞ்ச நேரத்தில் கோடை இடி ஒன்று இடித்தது. கட்டில்லாத மாடுகள் மூலைக்கொன்றாகப் பிய்த்துக்கொண்டு ஓடின. "இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு உடையான் பின்னால் ஓடினான். அவன் திரும்பி வந்தது மறுநாள் சாயங்காலம்.

ஓடாமல் நின்றது மயிலை மட்டும். நான்கு ஈற்றுக் கண்ட பசு. ஐந்தாவதை வயிற்றில் வைத்துக்கொண்டு அசையவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மயிலையும் வெள்ளச்சியும் போக, அங்கே இருந்தது ஓர் ஆலமரம்.

அப்போது ஆலமரத்துக்கு விழுது கிடையாது. பனையைப் போல மேலேயே பார்த்து வளர்ந்த மரம் அது. தன் காலடியில் யார் வந்தார், யார் போனார் என்று பார்த்ததே இல்லை. தனக்கு நிழல் இருப்பதே அதற்குத் தெரியாது.

வெள்ளச்சி மரத்தடியில் சுருண்டு படுத்தாள்.

"ஏடி, எதுக்குப் படுத்துக் கெடக்க? எந்திரி. நட" என்றது மயிலை.

"முடியல."

"முடியலன்னா அழுதுகிட்டே நட. படுத்தா வலி மேல ஏறி உக்காந்துக்கும். நடந்தா அதுவும் கூட நடக்கும்."

வெள்ளச்சி மரத்தைச் சுற்றி நடந்தாள். வலி முதுகின் அடியில் புறப்பட்டு, இடுப்பைச் சுற்றி வந்து, அடிவயிற்றில் இறுகியது. பிறகு மெல்ல விட்டது. விட்ட நேரத்தில் வானம் பழையபடி வானமாக இருந்தது. காற்று அடித்தது. சரி, இவ்வளவுதானே என்று நினைத்தாள். அடுத்தது வந்ததும் அந்த நினைப்பு போயிற்று. உச்சிக்கு வந்த சூரியன் சாய்ந்தது. குடித்த தண்ணீர் எல்லாம் வாந்தியாக வந்தது. தொடைகள் குளிரில் நடுங்குவதுபோல் நடுங்கின. இருட்டியது, விடிந்தது. அவள் எத்தனை முறை மரத்தைச் சுற்றினாளோ, புல்லில் ஒரு தடம் விழுந்திருந்தது.

"வாயைக் கட்டாத. அம்மான்னு கத்து" என்றது மயிலை. "நாங்கெல்லாம் வேற என்னத்தைக் கத்தறோம்?"

அந்த ஒரு சொல்லை மட்டும் அவள் இவ்வளவு நேரமும் பல்லைக் கடித்து அடக்கி வைத்திருந்தாள். கூப்பிட்டால் வர ஆள் இல்லையே என்றுதான். இப்போது கத்தினாள். கத்தியதும் பனிக்குடம் உடைந்து தண்ணீர் காலடியில் கொட்டியது.

"இனிமேதான் வேலை" என்றது மயிலை. "குத்துக்காலிட்டு உக்காரு. எதையாச்சும் பிடிச்சு இழு."

வெள்ளச்சி புல்லைப் பிடித்தாள். வேரோடு கையில் வந்தது. மரத்தைக் கட்டிப் பிடிக்கப் பார்த்தாள். அதன் பருமனுக்கு இரண்டு கை போதவில்லை. மயிலையின் வாலைப் பிடித்தாள்.

"அதை விடு! நானும் பிள்ளைத்தாச்சிதான். இப்ப எனக்கும் எடுக்குது." மயிலை அப்பால் நகர்ந்தது. "உன் புருஷனுக்கு மாட்டுக்கும் பொண்டாட்டிக்கும் வித்தியாசம் தெரியல. கயிறு ஆகாதது எனக்குடி, உனக்கில்ல."

முக்க முக்கக் குழந்தையின் தலை முன்னே வந்தது. பிடிமானம் இல்லாமல் அவள் பின்னால் சரிந்ததும் தலையும் உள்ளே போனது. நான்கு முறை அப்படி ஆயிற்று. ஐந்தாவது முறை அவள் எழுந்து உட்காரவில்லை. கைகளை மட்டும் வெறும் காற்றில் நீட்டிக்கொண்டு, "பிடிச்சுக்க ஒண்ணு குடுங்க. வேற எதுவும் வேண்டாம்" என்றாள். யாரிடம் கேட்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆலமரம் முதன்முதலாகக் கீழே பார்த்தது.

"நானா? என்னால குனிய முடியாதே. குனிஞ்சா ஒடிஞ்சுபோவேன்" என்றது.

"உன் உடம்புல எவ்வளவு பால் ஓடுது! என்னத்துக்கு ஓடுது?" என்று மயிலை வலியோடு வலியாகச் சீறியது. "குனிய வேண்டாம். கையை மட்டும் நீட்டு."

"எனக்குக் கை இல்லையே."

"இவளுக்குந்தான் இதுவரைக்கும் பிள்ளை இல்ல. இப்ப வருதுல்ல?"

 ஆலமரத்தின் தாழ்ந்த கிளையில் அடிப்பட்டை வெடித்தது. வெடிப்பில் பால் கசிந்தது. உள்ளிருந்து ஒன்று, செம்மண் நிறத்தில், மெத்தென்ற நுனியோடு, விரல் பருமனில் வெளியே வந்தது. மரம் முழுதும் நடுங்கியது. கூட்டிலிருந்த காக்கைகள் எழுந்து பறந்தன.

"ஐயோ! இதுதான் வலியா?"

"இதுல கால்வாசி. நிறுத்தாத, விடு" என்றது மயிலை.

அது நீண்டது. கொஞ்சம் நின்று, பிறகு இன்னும் கொஞ்சம் நீண்டது. வெள்ளச்சியின் விரல்களில் வந்து தொட்டது. அவள் பிடித்தாள். சொரசொரப்பான தோல். பிளவுகளில் பால் காய்ந்து வெள்ளைக் கோடுகளாக இருந்தது. அவளுக்கு அது புதிதாகத் தெரியவில்லை. அதன் பலத்தில் எழுந்து உட்கார்ந்து, உடம்பில் மிச்சமிருந்த அவ்வளவையும் சேர்த்து இழுத்தாள். மரம் அசைந்துகொடுக்கவில்லை.

ஒரு பெண் குழந்தை மண்ணுக்கு வந்து, வந்த வேகத்தில் அழுதது.

வெள்ளச்சி அதை அள்ளி மார்பில் போட்டுக்கொண்டாள். சூடாக, வழவழவென்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிடந்தது. இத்தனை நேரம் பட்டதெல்லாம் வேறு யாரோ பட்டதுபோல இருந்தது. கொஞ்சம் தள்ளி மயிலை நின்றபடியே ஒரு கன்றைப் போட்டு, நக்கத் தொடங்கியிருந்தது.

அவள் இழுத்த இழுப்பில் விழுதின் நுனி தரையைத் தொட்டிருந்தது. பனிக்குட நீரில் ஊறிய மண் அது. நுனி அதைப் பற்றிக்கொண்டு இறங்கிவிட்டது.

"உனக்கு நான் என்ன செய்வேன்?" என்று வெள்ளச்சி மரத்தைக் கேட்டாள்.

ஆலமரம் யோசித்தது. "எனக்கு என்ன தெரியும், தாயி? வலிச்ச எடம் வெறுமையா இருக்கு. உங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணு ஒண்ணு இருக்கு. எங்கிட்ட எதுவும் இல்ல."

"என் நஞ்சுக்கொடியை எடுத்துக்கட்டும்" என்றது மயிலை, கன்றை நக்குவதை நிறுத்தாமல். "எப்பவும் நானே தின்னுடுவேன். இந்தத் தடவை அதுக்கு இருக்கட்டும்."

வெள்ளச்சி தன் கொடியை விழுது இறங்கிய இடத்தில் புதைத்தாள். மயிலையின் கொடியைக் காய்ந்த புல்லில் பொதிந்து, பட்டை வெடித்த கிளையில் தொங்கவிட்டாள். மரத்தில் கசிந்துகொண்டிருந்த பால் நின்றது. மயிலைக்கு மடி நிறைந்தது, வெள்ளச்சிக்கும் பால் சுரந்தது.

சாயங்காலம் உடையான், ஓடிய முப்பத்தொன்பதில் முப்பத்தெட்டு மாடுகளோடு வந்து சேர்ந்தான். குழந்தையைப் பார்த்துச் சிரித்தான், அழுதான், மறுபடியும் சிரித்தான். பிறகுதான் விழுதைக் கவனித்தான்.

"என்ன புள்ள இது?"

"பாத்தா தெரியல? கயிறு. இதை உன்னால அவுக்க முடியாது, மாமா."

அன்று முதல்தான் ஆலமரம் கீழே பார்த்து விழுது விடுகிறது. பசு கன்று போட்டால் நஞ்சுக்கொடியை வைக்கோலில் பொதிந்து ஆலமரத்தில் கட்டும் வழக்கமும் அன்று வந்ததுதான். அந்த ஆலின் அடிமரம் எப்போதோ உளுத்து விழுந்துவிட்டது. வெள்ளச்சி பிடித்த விழுது நிற்கிறது.