மூன்று முதலாளிகள் போட்ட பந்தல்

சுண்டங்குறிச்சிக்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருக்கிறது. தேய்ந்துவிடக் கூடாதே என்று பத்திரமாக வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். எனக்கும் அதே ஊர் என்பதால் நான் சொல்வதை நீங்கள் தாராளமாக நம்பலாம்.

எங்கள் ஊரில் பால்வண்ணம் அண்ணாச்சி பந்தல் கடை வைத்திருந்தார். சவுக்குக் கம்பு, தென்னங்கீற்று, கயிறு, பிளாஸ்டிக் நாற்காலி, கூடவே சுடலை, இசக்கி, நம்பி என்று மூன்று ஆட்கள். பக்கத்து ஊரில் கல்யாண மண்டபம் ஒன்று வந்ததிலிருந்து பிழைப்பு படுத்துவிட்டது. கம்புகளைக் கரையான் தின்றுகொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் ரைஸ்மில் சிவனணைஞ்சான் வீட்டுக் கல்யாணப் பந்தல் கிடைத்தது. மகளைச் சொந்த வாசலில் வைத்துத்தான் கட்டிக்கொடுப்பேன் என்று மில்காரருக்கு ஒரு வைராக்கியம். இந்தப் பந்தல் நல்லபடியாக அமைந்தால் சுத்துப்பட்டு விசேஷமெல்லாம் திரும்பக் கைக்கு வரும். சொதப்பினால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போது பார்த்து, தொழில் நடத்துகிறவர்களுக்கு டவுனில் தலைமைப் பயிற்சி வகுப்பு, மதியச் சாப்பாடு உண்டு என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அண்ணாச்சி சாப்பாட்டுக்காகப் போய், தலைமையோடு திரும்பி வந்தார். கோட்டுப் போட்ட ஒருத்தர் காலையிலிருந்து பேசினாராம். பாதி நேரம் அண்ணாச்சிக்குக் கண் சொருகிவிட்டது. முழித்திருந்தபோது காதில் விழுந்த இரண்டு விஷயங்களை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் ஆட்களைக் கூப்பிட்டார்.

"ஏல, இன்னைலருந்து ஒவ்வொருத்தனும் தன்னை முதலாளின்னு நினைச்சுக்கிடணும். அப்பதான் தொழில் உருப்படுமாம்."

சுடலை தலையைச் சொறிந்தான். "மூணு பேருமா அண்ணாச்சி?"

"மூணு பேரும்தான்."

"ஞாயித்துக்கிழமையும் நினைக்கணுமா?"

"எல்லா நாளும் நினைக்கணும்லே. இன்னொண்ணு. விழாத தொழில்னு ஒண்ணு கிடையாதாம். விழுந்து எந்திரிக்கிறதுலதான் அதோட பலம் தெரியுமாம்."

நம்பி இதை மட்டும் வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். அண்ணாச்சி அதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் வண்டி மில்காரர் வாசலில் போய் நின்றது. "கம்பை இறக்குங்கலே" என்றார் அண்ணாச்சி. மூன்று பேரும் ஆளுக்கு ஒரு நாற்காலியை இறக்கிப் போட்டு உட்கார்ந்தார்கள்.

"முதலாளி கம்பு தூக்கி எங்கயாவது பாத்திருக்கியளா?" என்று கேட்டான் இசக்கி.

அண்ணாச்சி யோசித்தார். பார்த்ததில்லை. தன்னையே நினைத்துப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் ஒரு கம்பைத் தொட்டதில்லை. பயல் சொல்வது நியாயமாகத்தான் பட்டது.

"அப்ப யாருலே தூக்குறது?"

"நாங்க மூணு பேரும் முதலாளி. மிச்சம் இருக்கது நீரு ஒருத்தர்தான்" என்றான் சுடலை. முதலாளி ஆனதுமே அண்ணாச்சி போய் 'நீரு' வந்துவிட்டது.

"நானும் முதலாளிதானலே?"

"வகுப்புல உம்மை முதலாளின்னு நினைச்சுக்கிடச் சொன்னாங்களா?"

"இல்ல. ஆளுகளைத்தான் அப்படி நினைக்க வைக்கச் சொன்னாங்க."

"பொறவு என்ன? சொல்லாததை நாமளா செய்யலாமாவே?"

அண்ணாச்சி துண்டை உதறித் தலையில் கட்டினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் கம்பைத் தோளில் ஏற்றினார்.

வெயில் ஏறியது. "குழியை ஒழுங்காத் தோண்டும். சோறுதான திங்கீரு?" என்று நிழலில் இருந்தபடி இசக்கி ஒரு சத்தம் போட்டான். அது தினமும் தானே அவர்கள்மேல் போடும் சத்தம்தான் என்று அண்ணாச்சிக்குத் தெரிந்தது. வெயிலில் நின்று கேட்டால் இவ்வளவு காந்தும் என்பதுதான் தெரிந்திருக்கவில்லை. டீ வந்தபோதும் முதலாளிகள் குடித்து முடிக்கட்டும் என்று ஒதுங்கி நின்றார்.

மத்தியானம் போலப் பந்தல் நிமிர்ந்து நின்றது. கொஞ்சம் கோணல்தான். இருந்தாலும் தன் கையால் கட்டிய முதல் பந்தல். அண்ணாச்சிக்குக் கண்ணை எடுக்க மனசு வரவில்லை.

நம்பியும் அண்ணாந்து பார்த்தான். "நல்லாத்தான் இருக்கு. ஆனா பலம் இருக்கான்னு எப்படித் தெரியும்?"

"ஆட்டிப் பாப்போம்" என்றான் இசக்கி.

"ஆட்டுனா எப்படித் தெரியும்? விழுந்து எந்திரிக்கிறதுலதான பலம் தெரியும்னு வகுப்புல சொல்லியிருக்கு. இது இன்னும் விழவே இல்லையே."

"ஆமா, விழலை" என்று சுடலை கவலைப்பட்டான். "நாளைக்குத் தாலி கட்டுற நேரத்துல முத முதலா விழுந்து, எந்திரிக்கத் தெரியாம முழிச்சா அசிங்கம்லா?"

"ஏல, சாயந்தரம் மாப்பிள்ளை அழைப்புலே!" என்று பதறினார் அண்ணாச்சி.

"அதுக்குத்தான் இப்பவே பழக்குறோம். கயித்தை அவுரும்" என்றான் நம்பி.

முதலாளிகள் மூன்று பேரும் ஒருமனதாகச் சொல்லும்போது ஓர் ஆள் என்ன செய்ய முடியும்? முடிச்சை அவிழ்த்தார். மடமடவென்று பந்தல் சரிந்தது. உள்ளே நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த மில்காரரின் சித்தப்பா கீற்றைப் பிய்த்துத் தலையை வெளியே நீட்டி, "மாப்பிள்ளை வந்தாச்சா?" என்று கேட்டார்.

மில்காரர் உலக்கையோடு ஓடி வந்தார். "எவம்லே இங்க முதலாளி?"

"நாங்கதான்" என்று மூன்று பேரும் எழுந்து நின்றார்கள்.

மில்காரர் அண்ணாச்சியைப் பார்த்தார். "என்னவே பால்வண்ணம், நீரு வாயத் தொறக்காம நிக்கீரு?"

"முதலாளிங்க பேசும்போது குறுக்க பேசக் கூடாதுல்லா" என்றார் அண்ணாச்சி.

மில்காரரும் சுண்டங்குறிச்சியில் பிறந்தவர்தானே. நியாயத்தை ஏற்றுக்கொண்டார். "சரி, கயித்தை அவுத்தது யாரு?"

மூன்று விரல்கள் அண்ணாச்சியைக் காட்டின.

"அப்ப முதல்ல இந்த ஆளை வேலையை விட்டு நிப்பாட்டுங்க."

அண்ணாச்சி தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். சுடலை கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான். "இந்த ஒரு தடவை மன்னிச்சு விட்டுருங்க. பாவம், பிள்ளைகுட்டிக்காரரு. இன்னைக்குத்தான் வேலைக்கே சேர்ந்திருக்காரு."

அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் இப்படி முதலாளிகள் யாருக்கு அமைவார்கள்!

"சரி, இது எப்ப எந்திரிக்கும்?" என்று கேட்டார் மில்காரர்.

"இப்ப எந்திரிச்சிரும்" என்றான் நம்பி. கல்யாண வீடே சுற்றி நின்று பந்தலைப் பார்த்துக்கொண்டிருந்தது. பந்தல் அசையவில்லை. கடைசியில் வெற்றிலைப் பெட்டியைத் தேடிக்கொண்டு சித்தப்பா எழுந்தார். அவரோடு ஒரு பக்கக் கீற்றும் எழுந்தது.

"எந்திரிக்குது! எந்திரிக்குது!" என்று கூட்டம் கத்தியது. ஆளாளுக்கு ஓடிப்போய் ஒரு கம்பைப் பிடித்தார்கள். பொழுது சாய்வதற்குள் பந்தல் முன்னைவிட நேராக நின்றது. மாப்பிள்ளை வந்தார், மறுநாள் தாலியும் கட்டினார். "இது விழுந்து எந்திரிச்ச பந்தலாக்கும்" என்று மில்காரர் வந்தவர்களிடமெல்லாம் பெருமையடித்தார். அப்புறம் கேட்க வேண்டுமா? விழுந்து எழுந்த பந்தல்தான் வேண்டும் என்று கடை வாசலில் கூட்டம் நெரிந்தது.

அடுத்த வகுப்புக்கு முதலாளிகள் மூன்று பேரும் போனார்கள். அண்ணாச்சி கடையைப் பெருக்கிவிட்டுக் கம்புக்குக் காவல் இருந்தார். சாயங்காலம் வெற்றிலை போட்ட வாயோடு திரும்பி வந்தவர்கள், அவரை நடுவில் நிறுத்தினார்கள்.

"பால்வண்ணம், ஆளையும் முதலாளின்னு நினைக்க வைக்கணும்னு இன்னைக்கும் சொன்னாங்க" என்றான் சுடலை. "இன்னைலருந்து நீரும் ஒரு முதலாளி."

அண்ணாச்சி மூன்று பேரையும் கையெடுத்துக் கும்பிட்டார். அல்வாப் பொட்டலத்தோடு வீட்டுக்கு ஓடி, மனைவி சொர்ணத்திடம் விஷயத்தைச் சொன்னார். சொர்ணம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கப்பா அன்னைக்கே சொன்னாங்க, மாப்பிள்ளை ஒருநாள் முன்னுக்கு வருவாருன்னு. நாளைக்குக் கோயிலுக்குப் போய் ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வந்திருவோம்."

"நாளைக்கா? நல்லா இருக்கே!" என்றார் அண்ணாச்சி. "முதலாளி ஆன மறுநாளே லீவு கேட்டா, முதலாளிங்க என்ன நினைப்பாங்க?"