பெட்டி பேசினால்தான் சிட்டு நடக்கும்

கொடைக்கானல் ஏரிக்கரையில் குதிரைச் சவாரி விட்டுப் பிழைத்த இருதயராஜுக்கு இருந்ததே இரண்டு குதிரைகள். மகளின் நர்சிங் படிப்புக்காக மனசைக் கல்லாக்கிக்கொண்டு அதில் ஒன்றான சிட்டுவை விற்கத் துணிந்தான். வாங்க வந்தவர் பங்களா தெய்வசிகாமணி. ஊரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

எண்பதாயிரத்துக்கு விலை படிந்தது. தெய்வசிகாமணி போனை இரண்டு தட்டுத் தட்டி, "பணம் போயாச்சு" என்று திரையில் பச்சை டிக்கைக் காட்டினார். பணம் வந்தால் சத்தமாகச் சொல்லும் பெட்டி இருதயராஜின் இடுப்பில் தொங்கியது. அது வாயே திறக்கவில்லை.

"என்னடா முழிக்கிறே? என்னையே சந்தேகப்படுறியா?"

"ஐயோ, உங்களைப் போயா ஐயா! ஓட்டிட்டுப் போங்க." சிட்டுவின் கழுத்தைத் தடவிவிட்டுக் கயிற்றைக் கொடுத்தான்.

அவர் இழுத்தார். சிட்டு அசையவில்லை. அவருடைய டிரைவர் பின்னாலிருந்து தள்ளினான். ம்ஹூம். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது.

"என்னடா இது?"

"நான் நம்பிட்டேன் ஐயா. இவதான் நம்ப மாட்டேங்கிறா. ஆறு வருஷமா, பணம் வந்துச்சுன்னு பெட்டி சொன்ன பிறகுதான் சவாரிக்குக் கிளம்புவா. அப்படியே பழகிட்டா."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தெய்வசிகாமணி முகம் சிவக்க மறுபடி போனைத் தட்டினார்.

"எண்பதாயிரம் ரூபாய் பெறப்பட்டது" என்றது பெட்டி. சிட்டு அவரையும் இழுத்துக்கொண்டு கிளம்பியது.

"டேய், அந்தப் பெட்டியையும் கொடுடா!" என்று ஓடிக்கொண்டே கத்தினார்.

"அது என் பிழைப்பு ஐயா! வழியில நின்னுட்டா எனக்கு ஒரு ரூபாய் அனுப்பிட்டுப் போன் பண்ணுங்க. பெட்டி பேசுறதை அவ காதுல கேட்க வைக்கிறேன். நிஜ ரூபாயா அனுப்புங்க ஐயா!"