அசையாதே, குண்டுமணி!

ஒரு காட்டில் ஒரு தொலைக்காட்சி இருந்தது. காட்டில் ஏது தொலைக்காட்சி என்று முகத்தைச் சுளிக்காதீர்கள், பிள்ளைகளே! சிங்கம் பஞ்சாயத்துப் பண்ணினால் நம்புகிறீர்கள், நரி வழக்குப் பேசினால் நம்புகிறீர்கள். இதையும் நம்பிவிட்டுப் போங்களேன்.

அதை நடத்தியது ஒரு மயில். அதில் வந்த நிகழ்ச்சிகளிலேயே குட்டிகளுக்கு உயிரானது 'தாவுடா தங்கம்' என்ற பொம்மைத் தொடர். ஒரு குட்டி மலையணில் மரத்துக்கு மரம் தாவி, ஆபத்தில் மாட்டிக்கொண்ட பிராணிகளைக் காப்பாற்றும். மாலையில் அது தொடங்கிவிட்டால் போதும், மான்குட்டி பால் குடிக்க மறந்துவிடும். பன்றிக்குட்டி சேற்றை மறந்துவிடும்.

அந்தத் தொடரைச் செய்தது வஞ்சி என்ற மலையணில். மலையணில்கள் தரையில் இறங்குவது அபூர்வம். மரம் விட்டு மரம் தாவித்தான் அவற்றின் பிழைப்பே ஓடுகிறது. வஞ்சியோ கைவேலையிலும் கெட்டிக்காரி. களிமண்ணும் இலவம்பஞ்சும் வைத்து ஒரு பொம்மை அணில் செய்தது. அதன் காலை எள்ளளவு நகர்த்தி ஒரு படம் எடுக்கும். இன்னும் எள்ளளவு நகர்த்தி இன்னொரு படம். எல்லாப் படங்களையும் வேகமாக ஓட்டினால் பொம்மை தானே தாவுகிற மாதிரி இருக்கும். ஒரே ஒரு தாவலுக்குப் பகல் முழுவதும் போய்விடும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

பொம்மையின் காலை எப்படி வைப்பது, வாலை எவ்வளவு தூக்குவது என்று பார்த்துச் செய்ய ஓர் ஆள் வேண்டாமா? அந்த ஆள் வஞ்சியின் ஒரே குட்டி, குண்டுமணி.

"முன்னங்காலைத் தூக்குடா கண்ணு. ம்ம், போதும். அசையாதே!" என்று வஞ்சி சொல்லும்.

குண்டுமணி மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கும். வஞ்சி அதைப் பார்த்துப் பார்த்துப் பொம்மையை வைக்கும்.

"எடுத்தாச்சாம்மா?"

"எடுத்தாச்சு. இப்போ வாலை இத்தனூண்டு தூக்கு. அசையாதே!"

வெளியே மற்ற குட்டிகள் கிளைக்குக் கிளை கத்திக்கொண்டு தாவும். "குண்டுமணி, வாடா! நாவமரத்துக்குத் தாவிப் பழகலாம்!" என்று கூப்பிடும்.

குண்டுமணியின் மீசை துடிக்கும். "அம்மா, நானும் போகட்டுமா?"

"இந்த ஒரு தாவலை முடிச்சிடலாம். நாளைக்குப் போகலாம், என் ராசா இல்ல?"

அந்த 'நாளைக்கு' வரவே இல்லை. குண்டுமணியும் அடம் பிடிக்கவில்லை. பாவம், சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை அது.

பக்கத்து மரத்தில் ஒரு கருமந்தி இருந்தது. மனதில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைக்கிற குணம் அதற்கு.

"ஏண்டி வஞ்சி, நீ புள்ள வளர்க்கிறியா, பொம்மை வளர்க்கிறியா? இவன் வயசுக் குட்டிங்க எல்லாம் ஓடையையே தாண்டுது. இவன் இன்னும் கூட்டை விட்டு வெளியே வரலியே!" என்றது.

வஞ்சிக்குச் சுருக்கென்றது. "என் புள்ளைக்கா தாவத் தெரியாது? தாவலோட ஒவ்வொரு அசைவும் அவனுக்கு அத்துப்படி. நீங்க உங்க வேலையைப் பாருங்கக்கா."

இந்த நேரத்தில் மயில் வேறு வந்து தோகையை விரித்துக்கொண்டு நிற்கும். "அடுத்த பகுதி எங்கே, வஞ்சி? காடே காத்துக் கிடக்குது. இந்தத் தடவை தாவல் இன்னும் பெரிசா இருக்கணும். ஓடையைத் தாண்டித் தாவட்டும்!"

காடே காத்துக் கிடக்கிறது என்று கேட்டால் யாருக்குத்தான் தலை கிறுகிறுக்காது? வஞ்சி உடனே உட்கார்ந்து ஓடையைத் தாண்டும் தாவலைத் தொடங்கிவிட்டது. அதை முடித்தும் கொடுத்தது. திரையில் பொம்மைக் குட்டி ஓடையைத் தாண்டி எதிர்க்கரை மருதமரத்தில் போய் நின்றபோது, கைதட்டல் மலையில் மோதித் திரும்பியது. வஞ்சிக்கு அதை எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்கவில்லை.

அந்தக் கோடையில் ஒரு நாள் நடுப்பகலில் மூங்கில் புதரில் தீப்பிடித்தது. காற்றும் சேர்ந்துகொண்டது.

"தீ! தீ! எல்லாரும் ஓடைக்கு அந்தப் பக்கம் போங்க!" என்று கருமந்தி கத்தியது.

அணில்கள் எல்லாம் குட்டிகளோடு தாவி ஓடின. வஞ்சியும் படமெடுப்பதை விட்டுவிட்டுக் குண்டுமணியோடு கிளையின் நுனிக்கு ஓடியது. எதிர்க்கரை மருதமரத்துக்கு ஒரே தாவல்தான்.

"என் பின்னாலேயே தாவுடா!" என்று சொல்லிவிட்டு வஞ்சி தாவியது.

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? அந்த ஓடையைக் குண்டுமணி தாண்டுவதைத்தான் அது எத்தனையோ தடவை கண்ணாலேயே பார்த்திருக்கிறதே! ஐயோ பிள்ளைகளே, அது பார்த்ததெல்லாம் பொம்மையை அல்லவா?

எதிர்க்கரையில் இறங்கிய பிறகுதான் வஞ்சி திரும்பிப் பார்த்தது. குண்டுமணி இன்னும் அந்தக் கிளை நுனியிலேயே இருந்தது. முன்னங்காலைக் கொஞ்சம் தூக்கியது. நிறுத்தியது. அம்மாவைப் பார்த்தது.

"எடுத்தாச்சாம்மா?"

"எதை எடுக்கிறது? தாவுடா தங்கம், தாவு!"

குண்டுமணி வாலை இத்தனூண்டு தூக்கியது. மறுபடி நிறுத்தியது. "இது சரியாம்மா?"

புகை அதன் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டது. "அசைடா! அசைடா கண்ணு!" என்று வஞ்சி தொண்டை கிழியக் கத்தியது. ஆனால் தாவல் என்பது நிறுத்தி நிறுத்திச் செய்கிற காரியமா? நடு ஆகாயத்தில் யார் நின்று உத்தரவு கேட்க முடியும்? குண்டுமணிக்கு நிற்க மட்டும்தான் தெரியும். அது நின்றது.

வஞ்சி திரும்பத் தாவிப் புகைக்குள் நுழைந்தது. குட்டியின் பிடரியை வாயில் கவ்வியது. வளர்ந்த குட்டி, கனத்தது. கவ்விக்கொண்டே தாவியது. எதிர்க்கரை எட்டவில்லை. இரண்டும் ஓடைக்கல்லில் போய் விழுந்தன.

கருமந்திதான் ஓடி வந்து இரண்டையும் இழுத்துக் கரை சேர்த்தது. வஞ்சிக்கு மீசை பொசுங்கியதோடு போயிற்று. குண்டுமணிக்குப் பின்னங்கால் ஒடிந்துவிட்டது. பிறகு எலும்பு கூடியது. ஆனால் கோணலாகக் கூடியது. அந்தக் காலை ஊன்றித் தாவ இனி முடியாது.

"அன்னிக்கே வெளியே அனுப்பியிருக்கலாமேக்கா... 'நாளைக்கு நாளைக்கு'ன்னு சொன்னேனே!" என்று வஞ்சி அழுதது.

வாய்த்துடுக்கான கருமந்தி அன்று ஒரு அத்திப்பழத்தைப் பிட்டுக் குண்டுமணிக்கு ஊட்டியது.

மழை பெய்து காடு மறுபடி பச்சை பிடித்தது. வஞ்சி படமெடுப்பதை விட்டுவிட்டது. புதிய பகுதி கிடைக்காத மயில் பழைய பகுதியையே போட்டது. பொம்மைக் குட்டி ஓடையைத் தாண்டியது. எல்லாக் குட்டிகளும் ஆரவாரம் செய்தன. தாழ்ந்த கிளை ஒன்றில் அம்மாவோடு உட்கார்ந்திருந்த குண்டுமணிதான் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியது.

பக்கத்தில் இருந்த ஒரு பொடி அணில் கேட்டது: "இது நீயாண்ணா?"

"நான்தான்! அம்மா என்னைப் பார்த்துத்தான் செஞ்சாங்க."

"அப்போ ஒரே ஒரு தடவை தாவிக் காட்டுண்ணா!"

குண்டுமணி ஆசையாக எழுந்தது. முன்னங்காலைக் கொஞ்சம் தூக்கியது. வாலை இத்தனூண்டு தூக்கியது. அப்படியே நிறுத்தி, அம்மாவைத் திரும்பிப் பார்த்தது.

வஞ்சியால் அதன் கண்ணைப் பார்க்க முடியவில்லை. "எடுத்தாச்சுடா கண்ணு, உட்காரு" என்றது.

நீதி: பொம்மை காத்திருக்கும், பிள்ளையின் பருவம் காத்திருக்காது.