கரடியின் இடது கண்

பொம்மைகளைப் பிய்த்துப் பார்ப்பதற்கென்றே சம்பளம் கொடுக்கும் பரிசோதனைக்கூடம் ஒன்று அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருந்தது. ரயிலைத் தூக்கிக் கீழே போடுவார்கள். கிலுகிலுப்பையைச் சுத்தியலால் அடிப்பார்கள். கரடியின் கண்ணைப் பிடித்து இழுப்பார்கள். தாங்கினால் கடைக்குப் போகும், தாங்காவிட்டால் கம்பெனிக்கே திரும்பிப் போகும்.

அந்த அறைக்குப் பொறுப்பாளர் ஜெசிந்தா. வயது முப்பத்தெட்டு. அவரிடம் வேலை கற்றுக்கொண்டிருந்த வேதமூர்த்திக்கு ஐம்பத்திமூன்று. இருபத்தைந்து வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவர். பள்ளியை இழுத்து மூடியதும் இங்கே வந்து சேர்ந்தார். குரு சிஷ்யரை 'சார்' என்பார், சிஷ்யர் குருவை 'மேடம்' என்பார். இதில் அவர்கள் இருவருக்கும் சங்கடம் ஒன்றும் இல்லை. பார்க்கிற மற்றவர்களுக்குத்தான் சிரிப்பு.

ஒரு செவ்வாய்க்கிழமை, பொருள்களின் தரத்தைக் கண்காணிக்கும் அரசுத் துறையிலிருந்து கடிதம் வந்தது. வந்தவாசிப் பக்கம் பதினொரு மாதப் பெண் குழந்தை, கரடி பொம்மையின் கண் தொண்டையில் சிக்கி இறந்துபோயிருந்தது. அந்தக் கரடிக்குப் 'பாதுகாப்பானது' என்று சான்று கொடுத்தது இந்தக் கூடம்தான். கீழே இருந்தது வேதமூர்த்தியின் கையெழுத்து.

சோதனை நடந்த விதத்தை மறுநாள் மாலைக்குள் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். விளக்கம் ஒழுங்காக இருந்தால் விற்பனை தொடரும். இல்லாவிட்டால் விற்றுப்போன மூவாயிரம் கரடிகளையும் வீடுகளிலிருந்து திரும்ப வாங்க வேண்டும்.

வேதமூர்த்திக்கு அன்று சோறு இறங்கவில்லை. எழுதினார், கிழித்தார், மறுபடி எழுதினார். மறுநாள் காலையில் ஒரு தாளைக் கொண்டுவந்து ஜெசிந்தாவின் மேசையில் வைத்தார். ஆறு கரடிகள், பன்னிரண்டு கண்கள், ஒவ்வொன்றிலும் ஒன்பது கிலோ பாரம், பத்து விநாடி இழுப்பு, எதுவும் கழலவில்லை என்று அதில் இருந்தது.

ஜெசிந்தா படித்தார். "இவ்வளவுதானா சார்?"

வேதமூர்த்தி கதவைப் பார்த்தார். யாரும் இல்லை. பிறகு சொன்னார்.

சோதித்தது ஆறல்ல, ஏழு. முதல் கரடியின் இடது கண் நாலாவது விநாடியிலேயே கழன்று வந்துவிட்டது. குனிந்து பார்த்தால், இழுக்கும் கருவியின் கவ்வியான கிளாம்ப் கண்ணை முழுதாகப் பிடிக்காமல் ஓரத்தை மட்டும் கோணலாகக் கவ்வியிருந்தது. கிளாம்ப் சரியாகப் பிடிக்காத சோதனையைக் கணக்கில் சேர்க்காமல் வேறு பொம்மையை எடுத்துக்கொள்ளலாம் என்பது கூடத்து வழக்கம். அப்படியே எடுத்தார். பிறகு வந்த ஆறும் தாங்கின. முதல் கரடியைக் குப்பைக் கூடையில் போட்டார். அதைப் பற்றி எங்கேயும் எழுதவில்லை, எழுதும் வழக்கமும் இல்லை.

"அது கரடியோட குறை இல்ல மேடம், என் கையோட குறை. அதைப் போய் இப்ப எழுதணுமா? எழுதினா என் வேலை போயிடும். பொண்ணு இன்னும் படிச்சு முடிக்கல."

ஜெசிந்தா சாவிக்கொத்தை எடுத்தார். சோதனைக்கு வந்த சரக்கில் மிச்சமானதை ஒரு வருடம் பூட்டி வைப்பார்கள். அலமாரியில் அதே கரடி நாலு இருந்தன. நாலையும் மேசையில் வரிசையாக உட்கார வைத்தார். எல்லாம் சிரித்துக்கொண்டிருந்தன.

முதலில் வலது கண்களை இழுக்கச் சொன்னார். வேதமூர்த்தி கிளாம்பை நேராகப் பூட்டி, ஒவ்வொன்றாக இழுத்தார். பத்து விநாடி. நாலும் தாங்கின.

"இப்ப இடது கண்ணு. அன்னிக்குப் பிடிச்ச மாதிரியே பிடிங்க."

வேதமூர்த்தி தயங்கினார். இத்தனை வருடம் சரியாகச் செய்யக் கற்றுக்கொடுத்தவருக்குத் தவறாகச் செய்வது லேசில் வரவில்லை. இரண்டு முறை தடுமாறி, ஓரத்தை மட்டும் கோணலாகக் கவ்வ வைத்தார்.

முதல் கண் ஐந்தாவது விநாடியில் வந்தது. இரண்டாவது மூன்றில். மற்ற இரண்டும் அதற்குக்கூடக் காத்திருக்கவில்லை. குழந்தையின் தொண்டை அளவுக்குச் செய்த உலோகக் குழல் ஒன்று மேசையில் இருந்தது. ஜெசிந்தா ஒரு கண்ணை எடுத்து அதற்குள் போட்டார். விளிம்பில் படாமல் அடிவரை போனது.

வேதமூர்த்திக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஒரு குழந்தை செத்துக் கிடக்கும்போது நிம்மதி வருமா என்று கேட்டால், வரும். தன் மேல் பழி இல்லை என்று தெரிந்த நிமிடத்தில் யாருக்கும் வரும். மனித மனம் அவ்வளவு கேவலமானது.

"பாத்தீங்களா மேடம்? நேராப் பிடிச்சா ஒண்ணும் ஆகல. கோணலாப் பிடிச்சாத்தான் வருது. நான் சொன்னது சரிதானே?"

"சரிதான் சார்."

"அப்ப ஆறு கரடின்னே அனுப்பிடட்டுமா?"

ஜெசிந்தா துறையின் கடிதத்தை எடுத்தார். அதோடு ஆஸ்பத்திரிக் குறிப்பும் இணைத்திருந்தார்கள். இரண்டாம் பக்கத்தைத் திருப்பி, ஒரு வரியில் விரலை வைத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

"குழந்தைக்கு நாலு பல்லுதான் முளைச்சிருந்துச்சாம் சார். அது நேராவா கடிச்சிருக்கும்?"