புழுவின் உடம்பில் கோடுகள் விழுந்த கதை

ஈயும் குளவியும் வாய்விட்டுப் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், ஈக்குப் பிறக்கும் புழுவின் உடம்பில் ஒரு கோடுகூடக் கிடையாது. வழவழவென்று ஒரே துண்டு.

முட்டையிட்டதும் தாய் ஈ அதன் ஒரு முனையில் மட்டும் தன் வாசனையைத் தடவுவாள். உள்ளே இருக்கும் உயிர்த்துளிகள் அதை ஒருத்தியிடமிருந்து ஒருத்தி வாங்கிக் கைமாற்றுவார்கள். வாசனை மிகுந்த இடம் தலை, மங்கிய இடம் வால். அதுதான் வழக்கம்.

ஒரு நாள் அழுகிய பலாச்சுளையின் மேல் ஒரு தாய் இரண்டு முட்டைகள் இட்டாள். தலைக்கு மேலே குளவியின் ரீங்காரம். பதறிப்போனவள் இரண்டு முட்டைகளுக்கும் இரண்டு முனைகளிலும் தடவிவிட்டுப் பறந்தாள். குற்றம் சொல்பவர்கள் சொல்லட்டும். கொடுக்கு தலைக்கு மேல் தொங்கும்போது யாருக்கு நிதானம் இருக்கும்?

முதல் முட்டை பிளந்தது. வந்த புழுவுக்கு இரண்டு தலை, வயிறே இல்லை. ஒரு தலை நிழலுக்கு இழுத்தது, மற்றது சுளைக்கு இழுத்தது. இருந்த இடத்திலேயே கிடந்து துடித்தது. குளவி அவசரமே படாமல் இறங்கி வந்தது.

அடுத்த முட்டைக்குள் எல்லாம் கேட்டது.

"அடுத்தது நாமதான்டி," என்றாள் நடுவில் இருந்த துளியான நடுவி.

"பயப்படாதே. நான்தான் தலை, வழி காட்டுறேன்," என்றாள் முன்முனைக்காரி.

"நீ தலைன்னா நான் யாரு? எனக்கும்தான் அம்மா தடவியிருக்கா," என்றாள் பின்முனைக்காரி.

"ரெண்டு பேரும் வழி காட்டுங்க. நடக்கறது யாரு? தின்னது எங்க போகும்?" என்றாள் நடுவி.

"அது உன் பாடு. இந்தா, வாசனையை வாங்கிப் பக்கத்துல கொடு," என்றார்கள் முனைக்காரிகள் இருவரும்.

சிறகுச் சத்தம் நெருங்கியது. நடுவிக்கு நடுக்கம் நிற்கவில்லை. ஆனாலும், "முடியாது," என்றாள். தன் இரு பக்கமும் எல்லைக்கோடு கீறினாள். "இதைத் தாண்டி எந்த வாசனையும் வரக்கூடாது. நான் வயிறு."

அதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்களும் ஒவ்வொருவராகக் கீறினார்கள். அப்போது கொடுக்கு முட்டை ஓட்டை உரசியது. அதற்குப் பிறகு பின்முனைக்காரி வாதம் செய்யவில்லை. தன் வாசனையைத் துடைத்துவிட்டு வாலானாள்.

ஓடு பிளந்தது. கோடுகளுக்கு இடையே இருந்த முதல் வளையம் நடுங்கி நகர, அந்த நடுக்கம் தொற்றி அடுத்தது நகர, புழு சுளைக்குள் புகுந்துகொண்டது. குளவி வெகுநேரம் சுளையைக் குத்திக் குத்தித் தேடியது.

புழு இன்றைக்கும் வளையம் வளையமாக நடுங்கி ஊர்வது அன்றிலிருந்துதான். அதன் உடம்பில் இருக்கும் ஒவ்வொரு கோடும், ஒருத்தி பயந்துகொண்டே மறுத்து நின்ற இடம்.